மன்னிப்பு வேறு, விடுதலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி ட்ரைஃபஸின் வழக்கு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவருக்காக எழுத்தாளர் எமில் ஜோலா 1898-ல் எழுதிய பகிரங்கக் கடிதத்திலேயே நின்றுவிட்டது. எனக்கென்னவோ நீதிமன்றத்துக்குள் நடந்த கூத்துதான் பெரிதாகப் படுகிறது.

1894 டிசம்பரில் பாரிஸ் ராணுவ நீதிமன்றம் மூடிய கதவுக்குள் விசாரித்தது. முக்கிய ஆதாரம், ராணுவ ரகசியங்களைத் தருவதாகச் சொல்லி யாரோ எழுதி, ஜெர்மன் தூதரகத்திலிருந்து கிடைத்த ஒரு கடிதம். அதிலிருந்த எழுத்தின் வடிவம் ட்ரைஃபஸ் எழுதும் வடிவத்தோடு முழுதாகப் பொருந்தவில்லை. அதற்கு பெர்ட்டியோன் என்ற 'நிபுணர்' சொன்ன விளக்கம் இது: வேறு யாரோ போலி செய்ததாகத் தோன்ற வேண்டும் என்று ட்ரைஃபஸே தன் எழுத்தை மாற்றி எழுதினாராம்! பொருந்தினாலும் குற்றவாளி, பொருந்தாவிட்டாலும் குற்றவாளி. அவர் யூதர் என்பதே பாதி சாட்சியாகிவிட்ட பிறகு மீதிக்கு எதுவும் போதும்தானே. இது போதாதென்று, அவருடைய வக்கீலுக்குத் தெரியாமல் ஒரு ரகசியக் கோப்பும் நீதிபதிகள் கைக்குப் போனது.

1899-ல் ரென் நகரில் மறுவிசாரணை. அதற்குள் அந்தத் தூதரகக் கடிதத்தை எழுதியவர் எஸ்டர்ஹாஸி என்ற வேறொரு ராணுவ அதிகாரி என்பது வெளிவந்திருந்தது. ட்ரைஃபஸுக்கு எதிராகப் போலி ஆவணம் தயாரித்த ஆன்றி என்ற அதிகாரி சிறையில் இறந்தும் போயிருந்தார். அப்படியும் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் மறுபடி குற்றவாளி! 'தண்டனையைக் குறைக்கத்தக்க சூழ்நிலை' இருப்பதாகச் சொல்லி 10 ஆண்டு சிறை. தேசத்துரோகத்தில் அது என்ன சூழ்நிலையோ.

ஒரு திருத்தம். அந்த ஆண்டே அவர் 'நிரபராதியாக வெளியே வந்தார்' என்கிறது கட்டுரை. கிடைத்தது ஜனாதிபதியின் மன்னிப்பு மட்டுமே. தீர்ப்பு ரத்தானது 1906 ஜூலையில்.

- ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருச்சி