அடுத்த வரிக்கு ஓடிய துணைக்காலைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கட்டற்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. அதற்கு உழைப்பும் பணமும் தந்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுவதே முறை. ஆனால் பலர் தங்கள் பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த பணியை மட்டும் குறிப்பிட்டு இம்மடலை எழுதுகிறேன்.

அச்சுக்கோப்பு மென்பொருள் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு என்றோ முடிந்துபோன வேலையாகத் தோன்றும். கணினி அறிஞர் டொனால்ட் கனூத், தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்புப் பக்கங்களின் தோற்றம் பிடிக்காமல் 1977-இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கியபோது, ஓராண்டுக்குள் முடித்துவிடலாம் என்றே எண்ணினார். பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அவருக்கே அப்படியென்றால், பகல் வேலை முடிந்து இரவில் நிரல் எழுதும் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தன்னார்வலர்களைத் தேடி நாங்கள் விடுத்த முதல் அழைப்பில் ‘நிரலாளர்கள் தேவை’ என்று மட்டுமே இருந்தது. ஒருவரும் வரவில்லை. வெகுநாள் கழித்து வந்த ஒரே மடல், தமக்கு நிரல் தெரியாது, பிழை பார்க்கத்தான் தெரியும் என்று எழுதிய ஒரு மெய்ப்புத் திருத்துநருடையது. எங்கள் மென்பொருளில் கோத்த பக்கங்களை அச்செடுத்து, சிவப்பு மையில் குறியிட்டு அனுப்பியிருந்தார். புள்ளி வைத்த மெய்யெழுத்து முந்திய எழுத்தை விட்டுப் பிரிந்து வரியின் தொடக்கத்தில் நின்றது ஒரு குறை. அதைவிட மோசமானது, ‘கொ’ என்ற எழுத்தில் ‘கெ’ வரியின் கடைசியிலும் துணைக்கால் மட்டும் அடுத்த வரியிலும் கிடந்தது.

தவறு முழுவதும் எங்களுடையதே. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இக்குறிகளைச் சரியான எழுத்து வடிவங்களாகச் சேர்த்து அடுக்கும் பணியை ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரலகம் எங்களுக்குச் செய்து தருகிறது. ஆனால் உரையை அதனிடம் ஒப்படைப்பதற்கு முன்பே நாங்கள் குறிகுறியாக வெட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சிவப்பு மைப் பக்கங்கள் வராதிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் அப்படியே வெட்டிக்கொண்டிருப்போம். அந்த அம்மையாருக்கு முதல் நன்றி.

இரண்டாவது அழைப்பின் வாசகத்தை மாற்றி எழுதச் சொன்னவரும் அவரே. ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடிய வேலைகளாகப் பிரித்து, எதற்கு நிரல் தெரிய வேண்டும், எதற்குத் தெரிய வேண்டாம் என்று குறித்தோம். அதன் பிறகே ஆட்கள் வந்தார்கள். பழைய பதிப்பின் பக்கங்களையும் புதிய பதிப்பின் பக்கங்களையும் தானாகவே ஒப்பிட்டு, ஓர் எழுத்து மயிரிழை நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை நிரலை ஒருவர் எழுதினார். நீண்ட சொற்கள் நிறைந்த பத்திகளில் சொற்களுக்கிடையே ஓட்டை விழாதிருக்க, வரிகளை ஒவ்வொன்றாக உடைக்காமல் பத்தி முழுவதையும் பார்த்து உடைக்கும் முறையை, கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்து, இரண்டு மாணவர்கள் எங்கள் நிரலுக்குள் கொண்டுவந்தார்கள். கையேட்டைப் புதிதாக எழுதியவர்களுக்கும், நிறுவல் கோப்புகளை உருவாக்கியவர்களுக்கும் நன்றி.

வழு அறிவித்தவர்களுக்குத் தனி நன்றி. டெக்கில் பிழை கண்டவர்களுக்குக் கனூத், 2.56 டாலரில் தொடங்கிப் பின்னர் 327.68 டாலர் வரை உயர்ந்த தொகைக்குக் காசோலை அனுப்பிவந்தார். பெற்றவர்களில் பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள். எங்களால் காசோலை அனுப்ப இயலாது என்பதால், மறுக்காதவர்களின் பெயர்களை வெளியீட்டுக் குறிப்பில் சேர்த்திருக்கிறோம்.

பணத்தைத் தேடியது ஆட்களைத் தேடியதைவிடக் கடினமாக இருந்தது. நிதி தருபவர்கள் புதிதாக என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள்; இருப்பதைப் பழுதில்லாமல் வைத்திருக்கப்போகிறோம் என்ற விடை யாருக்கும் இனிப்பதில்லை. எங்கள் முதல் விண்ணப்பம் அப்படித்தான் திரும்பியது. இரண்டாவதை, கணக்குத் துறையில் இருக்கும் ஒரு பயனர் எங்களோடு அமர்ந்து, ஒவ்வொரு பணிக்கும் கால அளவும் செலவும் முடிவில் கையில் கிடைக்கும் பொருளும் இன்னவென்று பிரித்து எழுதித் தந்தார். நல்கை கிடைத்தது. ஆயினும் அது ஓராண்டுக்கே போதும். சோதனைக் கணினிகளின் வாடகையும், வழுக்களை வகைப்படுத்தும் பகுதிநேரப் பணியாளரின் ஊதியமும் மாதந்தோறும் சிறு தொகை அனுப்புபவர்களின் நன்கொடையிலிருந்தே வருகின்றன. பெரிய நல்கைக்கு அறிக்கை எழுதினோம். இவர்களுக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதாதது எங்கள் குறை.

ஒருவருக்கு நன்றியோடு மன்னிப்பும் சொல்ல வேண்டும். அடிக்குறிப்புகளைப் பக்கங்களுக்கிடையே பிரிக்கும் திருத்தத்தை அவர் அனுப்பி ஐந்து மாதம் வரை நாங்கள் பார்க்கவேயில்லை. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். இப்பதிப்பில் அந்தத் திருத்தம் இருக்கிறது, அவர் இல்லை. திரும்பி வந்தால் மகிழ்வோம். வராவிட்டாலும் அந்தப் பகுதியில் அவருடைய உரிமைக் குறிப்பு அப்படியே இருக்கும்.

வெளியீட்டுக்கு மறுநாளே மெய்ப்புத் திருத்துநரிடமிருந்து அடுத்த உறை வந்து சேர்ந்தது. பதினொரு சிவப்புக் குறிகள். நான்கைத் திருத்திவிட்டோம்.

நன்றியுடன்,
பராமரிப்புக் குழுவின் சார்பில்