கப்பலூர் எண்ணெய் ஆலையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் ஆலைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நிலக்கடலைப் பருப்பை வேகவைக்கும் கெட்டிலுக்கும் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லருக்கும் போட்ட தானியங்கிக் கட்டுப்பாடு இந்த சீசன் முழுக்கத் தடங்கல் இல்லாமல் ஓடியது. அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருமங்கலத்து ஐயாவுக்கு. கட்டுப்பாட்டுப் பேனல் வைத்தவர்கள் வெப்பநிலை சென்சாரைக் கெட்டிலின் நீராவி உறையில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். திரையில் 105 டிகிரி அசையாமல் நிற்கும். பருப்போ அரைவேக்காடாக இறங்கும். எண்ணெய் குறையும், புண்ணாக்கில் பிசுக்கு நிற்கும். ஐயா பார்த்ததும், "இது ஸ்டீமைத்தான் அளக்குதும்மா, பருப்பை அளக்கலை" என்றார். கீழ்த்தட்டில், கிளறும் கரத்தில் இடிபடாத இடமாகத் தேடி சென்சாரை மாற்றினார். அப்புறம்தான் பிஐடி செட்டிங், அதாவது சூட்டைப் பார்த்து ஸ்டீமைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கணக்கு. ஜீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1942-இல் சொன்ன முறை அது. வெப்பநிலை ஒரே சீராக ஏறி இறங்கும்வரை கெயினை (சூடு மாறினால் வால்வு எவ்வளவு அசைய வேண்டும் என்ற எண்ணை) கூட்டி, அந்த அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக் கணக்குப் போட வேண்டும். ஸ்டீமைத் திறந்தாலும் பருப்புக்குச் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும், அதனால் ஒவ்வொரு அலைவுக்கும் காத்திருக்க வேண்டும். ஐயாவின் பொறுமை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

எக்ஸ்பெல்லரை ஓட்டும் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? மோட்டார் சத்தம் கனத்தாலே பருப்பு விழுவதைக் குறைத்துவிடுவார். இப்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறினால், வேகத்தை மாற்றும் டிரைவ் கருவி, பருப்பைத் தள்ளும் ஃபீடரைத் தானாக மெதுவாக்குகிறது. எந்த ஆம்பியரில் மெதுவாக்குவது என்ற எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வைத்தது.

பாலிடெக்னிக் தம்பிகள் சென்சாரின் சிக்னல் கம்பியை மோட்டார் கேபிளோடு சேர்க்காமல் தனிக் குழாயில் இழுத்தார்கள். கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார்கள். சிக்னல் 4 மில்லியாம்பியரில் தொடங்கி 20-இல் முடிவது ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு அவர்களே விளக்கினார்கள். கம்பி அறுந்தால் 0 ஆகிவிடும், அது வெப்பநிலை இல்லை, பழுது என்று பேனலுக்குத் தெரியும். ஒரு ராத்திரி எலி கம்பியைக் கடித்தபோது அதுதான் நடந்தது. அலாரம் அடித்தது, ஸ்டீம் நின்றது, பருப்பு கருகவில்லை.

கம்ப்ரஸர் காற்றில் இயங்கும் ஸ்டீம் வால்வில், காற்று போனால் தானாக மூடும் வகையைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்ன கடைக்காரர் அண்ணாச்சிக்கும் நன்றி. கரண்ட் போய்க் கம்ப்ரஸர் நிற்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறோம். பாய்லர் அண்ணன் ஸ்டீம் பிரஷரை ஆடாமல் வைத்திருக்கிறார். அது ஆடினால் மற்ற எதுவும் நிலையாக இருக்காது.

வயரிங் படமும் செட்டிங் எண்களும் ஆபீஸில் இருக்கின்றன. உசிலம்பட்டி, விருதுநகர் பக்கம் ஆலை வைத்திருப்பவர்கள் வந்து தாராளமாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். உதவிய எல்லோர் வீட்டுக்கும் தீபாவளிக்கு முன் ஒரு டின் கடலெண்ணெய் வரும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.