ஆறாம் வகுப்பிலும் ஈர்க்குச்சி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், செய்யும் பட்டறையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு. மார்கழியில் 15 புள்ளிக் கோலத்தை ஓர் இழை பிசகாமல் போட்டுவிடுவாள். ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டால் மட்டும் முகம் செத்துவிடும். கவனம் இல்லை, சோம்பேறி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதை நம்பி நானும் அவளை அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

போன வருடம் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியை ஒருவர் அவள் நோட்டை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். இருநூற்று மூன்றை 2003 என்று எழுதியிருந்தாள். தொண்ணூற்று மூன்று 903 ஆகியிருந்தது. "தொண்ணூறு என்ற சொல்லுக்குள்ளேயே நூறு இருக்கிறதே, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறதே, காதை மட்டும் நம்பும் பிள்ளை என்ன செய்யும்?" என்றார். இத்தனை வருடம் தமிழ் பேசுகிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. அவர் சொல்லித்தான் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். டிஸ்கால்குலியா என்றார்கள். அறிவுக்குறைவு அல்ல, எண்ணின் அளவு மனதில் பிடிபடாத கற்றல் குறைபாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது.

அப்புறம் அவர் செய்யச் சொன்னதற்குக் காசு செலவே இல்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். பத்துக் கட்டு சேர்ந்தால் ஓர் ஓலைக் கொட்டானுக்குள், சின்னக் கூடைக்குள், போகும், அது நூறு. தொண்ணூற்று மூன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். ஒன்பது கட்டு, மூன்று குச்சி வைத்துவிட்டு, "கொட்டானே வரலையேப்பா" என்றாள். அன்றைக்குத்தான் தொண்ணூறு நூறுக்குள் அடங்கியது. இருநூற்று மூன்றில் கட்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல் துண்டை வைத்தாள், அதுதான் பூஜ்ஜியம். பட்டறை மணலைத் தாம்பாளத்தில் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எண்ணை எழுதவும் வைத்தோம். எங்கள் பாட்டனார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இப்படித்தானே.

ஆசிரியை ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். பொருளை வைத்த கையோடு பக்கத்தில் எண்ணையும் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் குச்சி விளையாட்டாகவே நின்றுவிடும், நோட்டில் இருக்கும் கணக்கோடு ஒட்டாது என்பார்.

பெருக்கலுக்கு என் பட்டறையே உதவியது. 12 வரிசை, வரிசைக்கு 14 கல் பரப்பி எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டாள். பத்துக்குப் பத்து ஒரு பெரிய கட்டம், 100. அதன் பக்கத்தில் 40, கீழே 20, மூலையில் 8. கையால் தடவித் தடவிக் கூட்டி 168 என்றாள். நான் தினமும் போடும் கல்தான். அதில் இப்படி ஒரு கணக்கு இருப்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள்.

என் மனக்குறை இதுதான். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் மணியும் குச்சியும் அட்டையும் புழங்குகின்றன, நல்ல காரியம். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாம் போய்விடுகிறது. பெரிய பிள்ளை ஆகிவிட்டாய், விரலை மடக்காதே என்கிறார்கள். வயது ஏறினால் குறைபாடு தானாகப் போய்விடுமா? கூட்டலுக்கு அவள் இப்போது குச்சியைத் தேடுவதே இல்லை, அவளாகவே விட்டுவிட்டாள். பின்னத்துக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. வீட்டில் அவள் அம்மா படியையும் உழக்கையும் எடுத்து வைத்து அரிசியை அளக்கவிடுகிறாள். நாலு உழக்கு ஒரு படி என்று அளந்து பார்த்த பிறகு கால் என்றால் என்னவென்று கேட்கவில்லை.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளிலும் இந்தப் பொருள்கள் மேசைமேல் இருக்கக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். பூட்டிய பீரோவுக்குள் இருந்தால் பிரயோசனம் இல்லை. காலாண்டுத் தேர்வு வருகிறது. விடையை யாரும் சொல்லித்தர வேண்டாம். என் மகள் தன் கொட்டானைத் தேர்வு அறைக்குள் எடுத்துப் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

– பூக்கல் தொழிலாளி ஒருவர், ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்