டியூப் வந்த அட்டைப்பெட்டி

அன்பு மகன் கதிரவனுக்கு,

அக்கா வீட்டில் எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். விமான அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன் என்று போனில் சொன்னேனே தவிர, பேரப்பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் சைக்கிள் கடை நடத்தியவன் அங்கே எதைப் பார்த்தான் என்பதை நிதானமாக எழுதினால்தான் உனக்கு விளங்கும்.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களான வில்பரும் ஆர்விலும் பறந்த அதே விமானத்தை, வாஷிங்டனில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் கிட்டத்தில் நின்று பார்க்கும்படி தரைமட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். இறக்கைத் துணி மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டது. பன்னிரண்டு மீட்டர் நீள இறக்கைகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, என் கண் செயினுக்குத்தான் போனது. எஞ்சினிலிருந்து பின்னாலுள்ள இரண்டு விசிறிகளுக்கும் விசை போவது நம் கடையில் இருப்பது போன்ற பல்சக்கரமும் செயினும் வழியாகத்தான். செயின் மட்டும் சற்றுக் கனம். ஒரு செயின் நேராகப் போகிறது, மற்றொன்றை எட்டுப் போலக் குறுக்காக மாட்டியிருக்கிறார்கள். விசிறிகள் எதிரெதிராகச் சுற்றினால்தான் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. செயின் உதறாமலிருக்க அதைக் குழாய்க்குள் விட்டிருப்பதையும் கண்டேன். அக்கா இரண்டு முறை வந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அதே ஆண்டில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி, அரசாங்கம் கொடுத்த 50,000 டாலரில் செய்த விமானம் இரண்டு முறையும் கிளம்பியவுடன் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. அதன் எஞ்சின் 52 குதிரைத்திறன் கொண்டது. டேட்டன் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்களுடையதோ ஏறக்குறைய 12தான். ஆகவே சூட்சுமம் எஞ்சினில் இல்லை. தானாகவே ஆடாமல் நிற்கும் விமானத்தைத்தான் அன்றைக்குப் பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுகிறவன்தான் நொடிக்கு நொடி சமாளிக்கிறான் என்பது இந்த இருவருக்கும் தொழிலிலேயே ஊறிய பாடம். அதனால் சமநிலையை விமானியின் கையில், சரியாகச் சொன்னால் இடுப்பில், ஒப்படைத்தார்கள். கீழ் இறக்கையில் குப்புறப் படுத்திருப்பவர் இடுப்பை ஒரு பக்கம் அசைத்தால், கம்பிகள் இழுத்து, ஒரு புற இறக்கை நுனி மேலும் மறுபுற நுனி கீழுமாக முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறுக்கு வில்பருக்கு எப்படிப் பிடிபட்டது தெரியுமா? 1899இல் கடையில் வாடிக்கையாளரோடு பேசியபடி, சைக்கிள் டியூப் வந்த நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாராம். பெட்டி உடையாமல் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்ந்து முறுகுவதைக் கண்டதும் இரட்டை இறக்கை நினைவுக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகளை நான் எத்தனை ஆயிரம் பிரித்து எறிந்திருப்பேன் என்று எண்ணியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்கு நான்கு முறை பறந்தார்கள். முதல் முறை ஆர்வில் 12 விநாடி, சுமார் 37 மீட்டர். கடைசியில் வில்பர் 59 விநாடி, 260 மீட்டர். பிறகு அடித்த காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டுவிட, அது மறுபடி பறக்கவேயில்லை. ஊரிலிருந்த தகப்பனாருக்கு அனுப்பிய தந்தியில் 59 என்பது 57 ஆகிவிட்டது, ஆர்வில் பெயரும் பிழையாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறோம் என்ற செய்தி மட்டும் பிழையில்லாமல் போயிருக்கிறது. பெற்றவருக்கு அது போதாதா?

தை பிறப்பதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன். பொங்கலுக்கு எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்தால், கடைப் பரணில் கிடக்கும் டியூப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. இரண்டு முனைகளையும் திறந்து திருகிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா