பாலக்கோட்டிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

கிரகப்பிரவேசப் பத்திரிகை கிடைத்தது, குடும்பத்தோடு ஓசூர் வருகிறேன். இங்கே தக்காளி விலை மறுபடி விழுந்து கிடக்கிறது, ஃபீஸ் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நீ கேட்ட மொலஸ்கம் சமாச்சாரம், அதுதான் பிள்ளைகளுக்குத் தோலில் வரும் அந்த வைரஸ் பரு. முத்து மாதிரி, நடுவில் குழியோடு வந்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். அது வேஷம் மாற்றிக்கொண்டு வரும்போதுதான் தொல்லை. சமீபத்தில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண், அக்குள் பருக்கள் சிவந்து வீங்கி, சீழ் கோத்த மாதிரி, அதற்குள் எங்கேயோ ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டாகிவிட்டது. காய்ச்சல் கிடையாது, பிள்ளை பெஞ்சில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள்! உடம்பு அப்போதுதான் வைரஸை அடையாளம் கண்டு விரட்டத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரத்தில் அமுங்கிப் போனது.

அப்புறம் ஒரு பையன். முழங்கை, முட்டி, பிட்டமெல்லாம் அரிப்போடு திடீரென்று பொரிப்பொரியாக வந்ததும் அம்மை என்று வேப்பிலையில் படுக்கவைத்துவிட்டார்கள். சட்டையைக் கழற்றினால் விலாவில் பழைய மொலஸ்கம் நாலைந்து அப்பாவியாக உட்கார்ந்திருக்கிறது. ஜியானோட்டி-க்ராஸ்டி, அதாவது வைரஸை உடம்பு எதிர்க்கும்போது கை, கால், பிட்டத்தில் வரும் பொரி, அந்த மாதிரியான எதிர்வினை அது. அதனால்தான் சொல்கிறேன், விநோதமாக எது வந்தாலும் பிள்ளையை முழுசாகப் பார், பக்கத்தில் எங்காவது சாதாரணப் பரு ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கண் மட்டும் மாசக்கணக்கில் சிவந்து, சொட்டு மருந்துக்கு மசியவில்லையா? இமை ஓரத்து முடிகளுக்கு நடுவே லென்ஸ் வைத்துத் தேடு, பருவை எடுத்தால்தான் கண் அடங்கும்.

உன்னிடம் வந்த பையனின் தலைக்கட்டி 1 செ.மீ.க்கு மேல் என்கிறாய். இதில் அப்படிப் பெரிய ஒற்றைக் கட்டியும் வரும், ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும்தான். முகமெல்லாம் பெரிது பெரிதாக நிறைய இருந்தால், ஹெச்ஐவி உட்பட எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்காமல் விடாதே.

மற்றபடி 6 முதல் 18 மாதத்தில் பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்றால் எந்த அம்மா கேட்கிறாள், அம்மான் பச்சரிசிப் பாலையும் சுண்ணாம்பையும் தடவி, தோல் வெந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். துண்டை மட்டும் தனியாக வைக்கச் சொல், பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம்.

கட்டியைக் கொழுப்புக்கட்டி என்று நினைத்து அறுப்பதற்கு முன்னால், முடியை ஒதுக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நடுக்குழி இருக்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
ராஜா