வாசிப்பு வட்டத்துக்கு வருகைப் பதிவேடு வேண்டாம்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதைப் பற்றிய நூல்களை வாசித்துக் கலந்துரையாடும் வட்டங்களுக்கு நூலகங்கள் இடம் தருவது பெரிய உதவி. அப்படியொரு வட்டத்தை நடத்திவருபவன் என்ற முறையில் அதற்கு நன்றி கூறி, ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்: இந்த வட்டத்துக்கு வருபவர்களிடம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்காதீர்கள்.

அறையை யார் பயன்படுத்தினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவேடு எவ்வளவு பெரிய தடை என்பது மேசையருகே நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு கூட்டத்துக்கு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். கையிலிருந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டுகள் செருகியிருந்தன. பேனாவை எடுத்துப் பெயரின் முதல் எழுத்தை எழுதியவர், ‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தையும் அதற்கு மேலே வரிசையாக இருந்த பெயர்களையும் பார்த்தார். எழுதிய எழுத்தை அடித்துவிட்டு, பேனாவை மூடிவைத்துத் திரும்பிப் போய்விட்டார். அவர் குடிநோயாளியா, குடிநோயாளியின் அண்ணனா, வெறும் வாசகரா என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பெயர் கேட்காமல் கூடுவது இந்தத் துறையில் புதிய வழக்கமன்று. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து வளர்ந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (பெயர் சொல்லாத குடிநோயாளிகள்) என்ற, குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு, பெயரின்மையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. 1939இல் அவர்கள் வெளியிட்ட நூலில், மீண்டவர்களின் கதைகள் எழுதியவர் பெயர் இல்லாமலேயே அச்சாயின.

வாசிப்பு வட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இங்கே ‘நான் குடிநோயாளி’ என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை, நூலில் வரும் மனிதர்களைப் பற்றிப் பேசினால் போதும். கணவனின் சட்டைப்பையைத் துழாவும் மனைவியைப் பற்றிய அத்தியாயம் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய்திறக்காதிருந்த ஒருவர், “எதுவும் கிடைக்காத நாள்தான் அவளுக்குக் கொடுமை; அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது” என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. செவிலியர், மாணவர், பெற்றோர், மீண்டவர், மீள முயல்பவர் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பதால்தான் அப்படிப் பேச முடிகிறது. யார் எதற்காக வந்தார் என்று எழுதிவைத்தால் அந்தத் துணிவு போய்விடும்.

பதிவேட்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் அதில் விழக்கூடும் என்றும், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்கள் திரும்பும் அளவோடு இது ஒப்பிடத்தக்கது என்றும் போதைப்பழக்கம் பற்றிய அமெரிக்கத் தேசிய ஆய்வு நிறுவனம் கூறுகிறது. ஆகவே சிலர் சில மாதங்கள் வராமலிருந்துவிட்டுத் திரும்பி வருவது இயல்பு. அந்த இடைவெளி தேதிவாரியாக ஒரு நோட்டில் பதிவாகியிருக்கும் என்று தெரிந்தால், திரும்பி வருவதற்கு மனம் துணியாது.

பாதுகாப்புக்காகவே பெயர் கேட்கிறோம் என்று சில குழுக்கள் சொல்வதுண்டு. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் இங்கே பாதுகாப்பு நடத்துபவரின் முன்தயாரிப்பில்தான் இருக்கிறது. போதையின் சுகத்தை நுணுக்கமாக விவரிக்கும் பக்கங்கள், விட்டவர்களிடமும் பழைய வேட்கையைக் கிளறிவிடும் என்பதால், அவை எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்; கூட்டத்தில் உரக்கப் படிப்பதில்லை. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தொடர்ந்து மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நூலின் நாயகன் ஒரே இரவில் விட்டதைப் படித்துவிட்டு ‘நானும் இன்றோடு நிறுத்துகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், கைதட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது எங்கள் கடமை. அபினி வகைப் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன், பியூப்ரினார்பின் என்ற மருந்துகள் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மருந்து எடுப்பவர் மீண்டவரே அல்ல என்று எவரேனும் வாதிட்டால், அதை அங்கேயே மறுத்துப் பேசவும் நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தத் தயாரிப்பு எங்களிடம் இருக்கிறதா என்று எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

உங்கள் கணக்குக்கு வந்தவர்களின் எண்ணிக்கை போதும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தலைகளை எண்ணி நானே எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரும் முகவரியும் முழுமையாக இருக்கட்டும். கதவில் ‘வாசிப்பு வட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதுமானது. இந்த நூல்களை இரவல் வாங்கியவர்களின் விவரம் நூலகப் பணியாளர்களைத் தாண்டிப் போகாதிருப்பதையும் உறுதிசெய்யுங்கள். அறை ஒதுக்கீட்டு விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, இந்த விலக்கை எழுத்திலேயே சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசிப்பு வட்டப் பொறுப்பாளர் ஒருவர்