குலசேகரம் கடையிலிருந்து ஒரு நன்றி மடல்

தக்கலைத் தம்பிக்கும், மார்த்தாண்டம் சர்வீஸ் அண்ணனுக்கும், எங்கள் கணக்கு அக்காவுக்கும்,

நாங்கள் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்குகிற கடை. மாதம் முடிந்ததும் ஷீட் தந்த ஒவ்வொருவருக்கும் கணக்குச் சீட்டு அச்சிட வேண்டும். பழைய மென்பொருள், மொத்தமாக அச்சிட அதில் வழியே இல்லை. ஆளுக்கு மூன்று ஜன்னல்கள் திரையில் திறக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அழுத்துவார். விடியுமுன் பால் வெட்டப் போய், உறைய வைத்து, ஷீட் அடித்து, காயப்போட்டுக் கொண்டுவந்தவர்கள் ஒரு துண்டுத் தாளுக்காக மேசை முன்னால் காத்து நிற்பார்கள். எனக்கு மனசே ஆறாது.

தம்பி, நாம் எழுதித் தரும் கட்டளைகளின்படி (அதுதான் ஸ்கிரிப்ட்) பட்டன்களைத் தானாக அழுத்தும் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளை எங்களுக்குக் காட்டித் தந்தது நீதான். நீ முதலில் சொன்னதே முக்கியமானது: "திரையில் இந்த இடத்தில் கிளிக் செய் என்று எழுதாதீங்க, பட்டனோட பேரைச் சொல்லுங்க." ஜன்னல் நகர்ந்தால் இடம் மாறிவிடும், பட்டனின் பெயர் மாறாது. அதோடு வரும், பட்டன் பெயரைக் காட்டும் விண்டோ ஸ்பையைத் திறந்து, மவுஸைப் பட்டன் மேல் வைத்து, 'பட்டன்1' என்று அது காட்டியதை நீ என் கண்முன் வாசித்தாய். அப்புறம் வின்வெயிட், கண்ட்ரோல்கிளிக் என்று இரண்டே கட்டளைகள். ஜன்னல் வரும்வரை காத்திரு, வந்ததும் அழுத்து. மவுஸ் அசைவதே இல்லை!

அண்ணே, ஸ்கிரிப்ட் ஓடியும் எதுவும் அழுந்தாத அன்று நீங்கள் மழையில் வந்தீர்கள். கணக்கு மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கூடுதல் அதிகாரத்தோடு ஓடுகிறது, ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஓடுகிறது, அதனால் விண்டோஸ் தடுக்கிறது என்று பார்த்தவுடனே சொன்னீர்கள். ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓடவிட்டதும் சரியாகிவிட்டது.

அக்கா, இதில் பாதி வேலை உங்களுடையது. எந்தச் சமயத்தில் எந்த ஜன்னல் குறுக்கே வரும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தாள் தீர்ந்தால் வருவது, ஆதார் எண் இல்லாதவருக்கு வருவது, ஒரே பெயரில் இருவர் இருந்தால் வருவது என எல்லாவற்றையும் நோட்டில் எழுதித் தந்தீர்கள். அதை வைத்துத்தான் தம்பி, எதிர்பார்த்த ஜன்னல் பத்து நொடியில் வராவிட்டால் ஸ்கிரிப்ட் தானாக நின்றுவிடும்படி எழுதினான். எஸ்கேப்பை அழுத்தினாலும் நிற்கும். பணக் கணக்கு அல்லவா, நிற்கத் தெரியாத ஸ்கிரிப்டை நான் கடையில் ஓடவிட மாட்டேன்.

2003-ல் ஆட்டோஹாட்கீயை வெளியிட்ட கிறிஸ் மேலட்டுக்கும், அதை இன்றுவரை இலவசமாகவே வளர்த்து வருபவர்களுக்கும் இந்த மலையடிவாரத்திலிருந்து எங்கள் வணக்கம்.

இப்போது சீட்டுகள் முந்தின நாள் மாலையே தயாராகிவிடுகின்றன. வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு உடனே கிளம்புகிறார்கள். திருவட்டாறு, அருமனைப் பக்கம் யாருக்காவது இதே பாடு இருந்தால் கடைக்கு வாருங்கள், ஸ்கிரிப்டைப் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். ஜன்னல் தலைப்பையும் பட்டன் பெயரையும் உங்கள் மென்பொருளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தம்பியே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.